பின்கண்ணாடியில் இரண்டு கோடுகள்

முதலில் ஓரம் மட்டும்தான் உரிந்தது.
அமலோற்பவம் நெயில் பாலிஷ் தடவி ஒட்டினாள்.
அப்புறம் கொப்புளம்.
ஊசியால் குத்தி
ஏடிஎம் கார்டின் விளிம்பால்
காற்றை ஓரத்துக்கு நகர்த்தினேன்.
போகும். மறுநாள் வெயிலில்
பழைய இடத்துக்கே வந்து உட்கார்ந்துகொள்ளும்
வாடகை பாக்கிக்காரன் மாதிரி.

கறுப்பாக ஒட்டியதுதான்.
ஏழு வருஷ உப்புக்காற்றில்
கத்தரிக்காய் நிறமாகிவிட்டது.
கத்தரிக்காய் நிறத்தில் தவளக்குப்பம்,
கத்தரிக்காய் நிறத்தில் கன்னியக்கோயில்,
முள்ளோடையில் கத்தரிக்காய் நிற கான்ஸ்டபிள்
கையைக் காட்டி நிறுத்துவார்.
புதுச்சேரி நம்பர், இருட்டுக் கண்ணாடி,
உள்ளே பாட்டில் இல்லாமல் எப்படி இருக்கும்?
இருப்பது நைட்டி.
எக்ஸெல், டபுள் எக்ஸெல்.
மூட்டையை அவிழ்த்து ஒவ்வொன்றாய் உதறிப் பார்ப்பார்.
பிறகு மடிக்கத் தெரியாமல் நிற்பார்.

ஞாயிறு பூசை முடிந்து வந்து
லுங்கியை மடித்துக் கட்டினேன்.
சோப்புத் தண்ணீர் தெளித்து
கறுப்புக் குப்பைப் பையை மேலே ஒட்டி
அரியாங்குப்பத்து வெயிலில் ஒரு மணி நேரம்
கண்ணாடியை வேகவைத்தேன்.
நகத்தால் ஓரத்தைக் கிளப்பி
மெல்ல, மெல்ல என்று எனக்கே சொல்லிக்கொண்டு இழுத்ததில்
ஒரு பக்கம் பாலாடைபோல் முழுசாக வந்தது.
மறுபக்கம் பஸ் டிக்கெட் அளவில், துண்டு துண்டாய்.
பசை மட்டும் போகவில்லை.
மண்ணெண்ணெய், பிளேடு, வசவு.

"எல்லாத்தையும் எடுத்துடுவியா?"
வாசற்படியில் காஜா எடுத்துக்கொண்டிருந்தவள் கேட்டாள்.
"பின்ன? யாரு ஃபைன் கட்டறது?"
"எடுத்துக்கோ. நான் எங்க படுக்கறதாம்?"

அப்போதுதான் உறைத்தது.
மஞ்சக்குப்பத்தில் நான் பாக்கி வசூலுக்குப் போகும்
ரெண்டு மணி நேரமும்
அந்தப் பின்சீட்டில்தான் அவள் சாப்பிடுவாள்,
காலை நீட்டுவாள்,
வேர்த்த ரவிக்கையை மாற்றுவாள்.
கடலூரில் அவளுக்கிருந்த ஒரே அறை.
சுவரை உரித்துக்கொண்டிருக்கிறேன்.

கை கோணியது.
பின்கண்ணாடியில் ஓடும் செம்புநிறக் கோடுகளில்
இரண்டை பிளேடு அறுத்துவிட்டது.
போகட்டும்.
இந்த ஊர் புழுக்கத்தில்
பனி துடைக்கிற கம்பி யாருக்கு வேண்டும்.

செவ்வாய்க்கிழமை முள்ளோடையில்
கான்ஸ்டபிள் குனிந்து பார்த்தார்.
பாதி வடையோடு அமலோற்பவம்
ஆதார் கார்டுப் படம்போல் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.
போ என்று கையசைத்தார்,
மூட்டையைத் தொடக்கூட இல்லை.
எனக்கு ஏனோ கொஞ்சம் ஏமாற்றம்.
மிச்ச வடையை அவள்
கடலூர் வரை தின்னவில்லை.

பக்கக் கண்ணாடிகளில் துண்டு மாட்டிப் பார்த்தோம்,
துணி காயப்போடும் கிளிப்பில்.
ஸ்பீடு பிரேக்கருக்கு ஒருமுறை
விழுந்துகொண்டே வந்தது.

மார்கழி. விடிகாலை ஐந்து மணி.
ரெட்டிச்சாவடி தாண்டியதும்
பின்கண்ணாடி அவள் மூச்சில் வெளுத்துவிட்டது.
வண்டி வாங்கியதிலிருந்து முதல் தடவையாக
அந்த ஸ்விட்சை அழுத்தினேன்.
கோடு கோடாய்த் தெளிந்தது:
பின்னால் வரும் லாரியின் விளக்கு,
ஒரு பனை, டீக்கடையின் டியூப்லைட்.
அறுந்த இரண்டில் மட்டும்
அவள் தலை உயரத்துக்கு
வெள்ளை அப்படியே நின்றது.

"துணி தரட்டுமா, துடைக்கிறியா?"
"இருக்கட்டும்" என்றாள்.

கொஞ்ச தூரம் போனதும்
டிபன் பாக்ஸ் திறக்கும் சத்தம் கேட்டது.