குழம்பு மட்டும்

முதலில் அம்மாவிடம்தான் சொன்னேன்,
ஞாயிற்றுக்கிழமை, காலை எட்டரைக்கு.
கறிக்கடைக்குப் பையை எடுத்துவிட்டிருந்தாள்.
"எனக்கு வேணாம்மா."
"வயிறு சரியில்லையா?"
"இனிமேலே வேணாம்."
பையைக் கொக்கியில் மாட்டினாள். மறுபடி எடுத்தாள்.
"தொடைக்கறியா பாத்து வாங்கியாறேன்" என்று
படியிறங்கிப் போனாள்.

புரட்டாசி முடிந்து பத்து நாள்.
மாலை போடவில்லை. வேண்டுதல் இல்லை.
ரத்தம் சோதித்த தாளில் எல்லாம் சரி.
காரணம் என்று வியாசர்பாடி ஒப்புக்கொள்கிற
எதுவும் என் கையில் இல்லை.

அக்கா பூங்கோதை போனில் கேட்டாள்:
"யார்ரா அந்தப் பொண்ணு?"
"பொண்ணெல்லாம் இல்ல."
"சரி, முட்டை?"
பேசாமலிருந்தேன்.
"முட்டை துண்ணலாம்டா, அதுக்கின்னா உசுரா கீது?"
முட்டையைப் பற்றித்தான்
அவளிடம் சொல்லியிருக்க வேண்டும்.

ஆடியில், அம்மனுக்குக் கூழ் ஊற்றின வாரம்,
ஓட்டேரியில் நாட்டுக்கோழி ஒன்று வாங்கி
கட்டைப்பையில் வைத்து
ஷேர் ஆட்டோவில் வந்துகொண்டிருந்தேன்.
புளியந்தோப்பு தாண்டும்போது பை அடங்கிப்போனது.
செத்துவிட்டதோ என்று கையை விட்டேன்.
முட்டை.
சூடாக, கொஞ்சம் ஈரமாக.
"வட்டியோட வாங்கினு போற நைனா" என்றார் டிரைவர்.
ஆட்டோவே சிரித்தது. நானும்தான்.
அன்றைக்கே அறுத்துக் குழம்பு வைத்தோம்.
பொய் சொல்வானேன், ருசியாக இருந்தது.
மூன்று மாதம் கழித்து, சம்பந்தமேயில்லாமல்,
பல் விளக்கிக்கொண்டிருந்தபோது
உள்ளங்கைக்கு அந்தச் சூடு வந்தது.

சனிக்கிழமை சாயங்காலம், வழக்கமான தள்ளுவண்டி.
நடுவில் பீப் சுக்கா, சுற்றி நாலு கை எப்போதும்.
ஒன்று குறைவதை அல்போன்ஸ் பார்த்துவிட்டான்.
"இன்னாடா, அய்யராயிட்டியா?"
எல்லாரும் சிரித்தார்கள். கபிலன் சிரிக்கவில்லை.
"நம்ம தட்டப் பாத்து மூக்க மூடுனவன் பேச்ச
இப்ப நீ பேசப்போறியா?
இது வெறும் கறி இல்லடா. நம்ம திமிரு."
"தட்டத் தள்ளலடா கபிலா.
கைய மட்டுந்தான் எடுத்துக்கினேன்."
எண்ணெய் தாளில் ஊறுகிற வரைக்கும்
யாரும் பேசவில்லை.
பிறகு எலுமிச்சை பிழிந்த வெங்காயத்தை
என் பக்கம் நகர்த்தி வைத்தான்.
சமாதானமா, வெறும் வெங்காயமா,
இன்றுவரை நான் கேட்கவில்லை.

கார்த்திகையில் நங்கநல்லூரில் வீடு பார்த்தேன்.
மாடி, ரெண்டு ரூம், ஆபீசுக்குப் பத்து நிமிஷம்.
மோட்டார் போடும் நேரம், குப்பை வண்டி வரும் நேரம்
எல்லாம் சொன்னார் வீட்டுக்காரர்.
நான் செருப்பு மாட்டும்போதுதான்
எதையோ மறந்தவர் மாதிரி,
"நீங்க... சைவம்தானே?"

இதே கேள்விக்கு ஆறு வீடுகளில்
உண்மையைச் சொல்லிப் படியிறங்கியவன் நான்.
ஏழாவது வீட்டில் உண்மை
சாவி மாதிரி நாக்கில் கிடந்தது.
திருப்பினால் போதும்.
அம்மா தூக்குச்சட்டியோடு இந்தப் படியில் ஏறுவாள்.
இவர் மூக்கு ஜன்னலுக்கு வரும்.
கபிலன் வருவான்.

"இல்ல சார்" என்றேன். "நல்லா கவுச்சி துண்ணுவோம்."

வாழ்நாளில் சொன்ன பொய்களில்
அது ஒன்றுதான் திக்காமல் வந்தது.
பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தும்
நின்றுகொண்டே வந்தேன்.

இன்று மறுபடி ஞாயிறு. வஞ்சிரம்.
சோற்றில் குழி பறித்து வைத்திருக்கிறாள் அம்மா.
"மீன் போடல. குழம்பு மட்டும். மாங்காதான் கீது."
"அதுலதானேம்மா மீன் வெந்துச்சு?"
"வெந்துச்சு. எடுத்துட்டேன்ல?"
அவள் கட்டைவிரலில் ஒரு செதில்
ஒட்டிக்கொண்டு மின்னுகிறது.
நான் தயிருக்குக் கை நீட்டுகிறேன்.
அவள் இன்னும்
கரண்டியை இறக்கவில்லை.