சத்தமில்லாமல் அரைப்பது

கட்டட விதித்தாளில் ஏழாவது வரி:
இரவு பத்துக்குப் பிறகு
உடுப்புத் தோய்க்கும் மெசின், துளைகருவி, மிக்சி
எதுவும் கூடாது.
கீழ்வீட்டு வூத்ரிக் அந்த வரியின் கீழே
பென்சிலால் கோடு போட்டு வைத்திருக்கிறார்,
அளவுகோல் பிடித்து.

பின்னேர வேலை முடிந்து
நான் கதவைத் திறக்கையில் பத்தே முக்கால்.

காலையில் ஊறப்போட்ட வெள்ளைப் போஞ்சி விதை
சட்டிக்குள் இரண்டு மடங்காய்ப் பொருமியிருக்கிறது.
ஒரு சிட்டிகை அப்பச்சோடா, குறைந்த சூடு.
நுரையை அள்ளி அள்ளி ஊற்றுகிறேன்.
கொப்பிக்கு உறை ஒட்டும் பசையின் மணம்.

கிஸ்லேனுக்குத் தாடையில் கம்பி.
பீல் நகரப் பனியில் சைக்கிளோடு சறுக்கியவள்.
ஆறு கிழமைக்குப் பல்லைத் திறக்கக் கூடாது.
பதினோரு வருடமாய் என் பக்கத்து மேசை.
கண்ணில் பூதக்கண்ணாடி மாட்டிக்கொண்டு
கைக்கடிகாரத்துக்குள் திருகாணி வைக்கிறவள்,
வாய் மட்டும் ஓயாதவள்.
மாமியார், வரி, புதிய மேலாளரின் சப்பாத்து
எல்லாவற்றையும் பிரெஞ்சில் கொட்டுவாள்.
எனக்குப் பிரெஞ்சு வந்ததே அவள் வாயால்தான்.
அதனால் என் பிரெஞ்சில்
தூஷணம் கொஞ்சம் கூட.

இப்போது தூசி விழாத அந்த அறையில்
எனக்குச் சுருள்வில்லின் மூச்சுக் கேட்கிறது.

வெந்ததைத் தோல் உரிக்கிறேன்.
இடுப்பைப் பெருவிரலால் அழுத்த
விதை வழுக்கிப் பாய்கிறது,
ஈரக் கண்ணாடித்தாளாய்த் தோல் மட்டும் விரலில்.
நாள் முழுக்க இடுக்கியோடு இருந்த கைக்கு
இது யானை பிடிக்கிற வேலை.

ஒரு தோல் மிஞ்சினாலும் கம்பியில் சிக்கும்.
ஒரு கட்டி மிஞ்சினாலும் சிக்கும்.
மிக்சி அலுமாரியில் இருக்கிறது.
இரண்டு நிமிடம் போதும்.
அதைப் பார்க்கிறேன்.
கீழே வூத்ரிக் இருமுகிறார்.

போன கிழமை செய்ததில் எள்ளு விழுது கூடிச்
சுண்ணாம்பாய்ப் போனது.
அதற்கு முதல் செய்ததில் பச்சை உள்ளி:
பூனை அறையை விட்டுப் போய்விட்டதாய்
கிஸ்லேன் எழுதிக் காட்டினாள்.

மா அரிக்கும் அரிதட்டை எடுக்கிறேன்.
அகப்பையின் முதுகால் தேய்க்கத் தேய்க்க
அடியில் மெல்ல இறங்குகிறது வெள்ளை.
பனி போல என்று சொல்லமாட்டேன்,
பனியோடு எனக்கு இப்போது கோபம்.

தோள்மூட்டு எரிகிறது.
அவித்த தண்ணி இரண்டு கரண்டி. தேசிப்புளி.
எள்ளு விழுது பாதி.
உள்ளியை முழுசாய் அவித்து,
காரம் செத்தபிறகு நசுக்கி.
கிண்ணத்துக்கு அடியில் ஈரத்துவாயை மடித்து வைத்து
ஒலிவ் எண்ணெயை நூலாய் விட்டு
முள்ளுக்கரண்டியால் அடிக்கிறேன்,
களவெடுக்கிறவளின் கவனத்தோடு.
சீரகத்துக்குக் கை போகிறது.
துகள். வேண்டாம்.

ஒன்றேகால் மணி.
விரலால் தொட்டு நாக்கில் வைக்கிறேன்:
கட்டி இல்லை, தோல் இல்லை.
வேறொன்றையும் நான் தேடவில்லை.

விடிய, ஏரிப்பக்கம் போகும் முதல் பஸ்ஸில்
மடியில் போத்தல்.

கதவைத் திறந்தவளின் கன்னம்
மஞ்சளும் நாவலுமாய் வீங்கி.
'கொண்டா' என்று விரலால் கூப்பிட்டாள்.
வெந்நீர் விட்டு இளக்கி
தடித்த ஸ்ட்ரோவால் உறிஞ்சினாள்.
கண் மூடினாள்.
பூனை போகவில்லை.
பிறகு கொப்பியை இழுத்து, பென்சிலைத் தேடி,
பெரிய எழுத்தில் ஒரே சொல்:
உப்பு?

இரண்டரை மணித்தியாலம்.
ஒரு அரிதட்டு. ஒரு தோள்.
அவளே எனக்குப் பழக்கிய
அந்த நல்ல பெரிய தூஷணத்தை
அவளுடைய குசினியில் நின்று
சத்தமாய், முழுசாய்ச் சொன்னேன்.

மூடிய பல்லுக்குள்ளால் சிரிக்கப் பார்த்து
நோவில் தாடையைப் பிடித்துக்கொண்டாள்.
மற்றக் கையால் எழுதினாள்:
உச்சரிப்பு.
அதன் கீழே இரண்டு கோடு.