கட்டை

விடிகாலை. வெளியே இரண்டு டிகிரி.
புல்லின் மேல் உப்புக் கொட்டியதுபோல் உறைபனி.
உள்ளே, இன்குபேட்டரில், முப்பத்தேழு.
குல்லாவைக் கழற்றாமல் அதன் கதவைத் திறக்கிறேன்:
தூங்கும் குழந்தையின் கழுத்துச் சூடு
முகத்தில் வந்து ஒட்டுகிறது.

ஆறு குழித் தட்டு.
எல்லாக் குழியிலும் ஒரே செல்கள்,
ஒரே அளவு வளர்ச்சிக் காரணி.
முதல் மூன்றில் ஊட்டிச் சந்தை நெரிசல்.
மற்ற மூன்றில் நேற்று எண்ணியதே இன்றும்.
அங்கே மட்டும்
பிணைக்கும் புரதத்தை, மூன்றாம் எண்ணை,
கை தாராளமாக விட்டிருந்தேன்.

செல்கள் சாகவில்லை. தீனி இருக்கிறது.
வளர் என்கிற சொல்லும் இருக்கிறது,
ஆனால் வாசலுக்கு வெளியே
வேறொருவர் பொத்திய கைக்குள்.
ஏற்பி பிடிப்பதைவிட இறுக்கமான கை.

‘தடுப்பான்’ என்று நோட்டில் எழுதினேன்.
பெனடிக்டா மேடம் பச்சை மையில் அடித்தார்.
ஏன் என்று எழுதவில்லை.

வியாழக்கிழமை
தும்மனட்டியிலிருந்து ஷோபனா வந்தாள்,
தேயிலை ஃபேக்டரி யூனிஃபாரத்தோடு.
கூடவே மகன் ரக்‌ஷன்.
ஒன்பது வயது, நூற்றுப் பதினொரு சென்டிமீட்டர்.
பிரேயர் வரிசையில் எப்போதும் முதல் ஆள்.
கட்டையன் என்பார்களாம்.
ஊசி குத்தும்போது
என் சட்டைப் பட்டன்களை எண்ணிக்கொண்டிருந்தான்.

அவன் ரத்தத்தில் ஹார்மோன் குறையவில்லை.
கல்லீரல் காரணியைச் செய்துதான் அனுப்புகிறது.
சுமக்கத்தான் ஆளில்லை:
மூன்றாம் எண், இருக்க வேண்டியதில் கால்வாசி.
தனியே விட்ட காரணி பத்து நிமிடத்தில் காணாமல் போகும்.
மூன்றாம் எண் பிடித்து,
இன்னொரு துணையும் சேர்ந்துகொண்டால்
அரை நாளுக்கு மேல் உடம்பெல்லாம் சுற்றி வரும்.
என் தட்டில் எது வழி மறித்ததோ
அதுதான் இவனுக்கு இல்லை.

“கூட இருந்தாலும் வளராது,
கொறஞ்சாலும் வளராதா?
என்ன கணக்கு மேடம் இது?”
என்னிடம் பதில் இல்லை.
“அப்போ முட்டை குடுக்கலாமா?”
குடுங்க, என்றேன்.

சனிக்கிழமை, மேட்டுப்பாளையத்திலிருந்து திரும்பும் பஸ்.
பர்லியாருக்கு மேலே ஒரு வளைவில்
கோழி எரு ஏற்றிய லாரி மூச்சடைத்து நின்றது.
கிளீனர் பையன் குதித்தான்,
பின்சக்கரத்தடியில் கட்டையைச் செருகினான்.
பின்னால் நாங்கள், மூக்கைப் பொத்திக்கொண்டு.

கட்டை இல்லையென்றால்
லாரி எங்கள் மடியில் இருந்திருக்கும்.
கட்டையை எடுக்காவிட்டால்
எரு உருளைக்கிழங்குக்குப் போய்ச் சேராது.
அவன் குத்த வைத்து, கயிற்றில் கை வைத்து,
இன்ஜின் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தான்.
டிரைவர் ஒரு அதட்டல்.
இழுத்தான்.
லாரி ஒரு முழம் ஏறியது.
மறுபடி செருகினான்.

செல்லின் வாசலில் ஒரு நொதி இருக்கிறது,
மூன்றாம் எண்ணை வெட்டுவதற்கென்றே.
வெட்டு விழுந்தால் பிடி தளரும்,
காரணி நழுவி ஏற்பியில் போய் உட்காரும்.
இதைப் படித்திருக்கிறேன். பரீட்சையில் எழுதியிருக்கிறேன்.
எரு நாற்றத்தில்தான் புரிந்தது.

ஞாயிறு இரவு ஐந்தாம் குழியில் நொதியை விட்டேன்.
இன்று காலை மைக்ராஸ்கோப்பில்
இரண்டிரண்டாகப் பிரிந்து நிற்கின்றன.
நாற்பது வரை எண்ணினேன், கரண்ட் போனது.
வாட்ச்மேன் போஜன் ஜெனரேட்டரைத் திட்டும் சத்தம்.

இருட்டில் நோட்டு திறந்தே கிடக்கிறது.
அடித்த சொல்லுக்கு மேலே
இன்னும் எதையும் எழுதவில்லை.
ஒரு சொல் இருக்கிறது, பொருத்தமாக.
ஆனால் அதைச் சொல்லித்தான்
ஒரு பையனைப் பள்ளியில் கூப்பிடுகிறார்கள்.