ஒன்றில் ஒன்று

ஒரே பக்கம். அதுதான் முதல் நிபந்தனை.
தேநீர் ஆறுமுன் நாடு முழுவதும்
கண்ணுக்குள் வந்துவிட வேண்டும் என்றார்
பணிப்பாளர் வீரக்கொடி.
வாகனத்தில் இருப்பதுபோல் ஒரு முள் வையுங்கள்.
சிவப்பை மட்டும் கொஞ்சம் குறையுங்கள்,
மேலிடத்தில் காட்ட வேண்டியது.

பேரை வாவி தெரியும் நாலாம் மாடியில்
நானும் ஷஃப்ராவும் சிவப்பைக் குறைத்தோம்.
முதலில் செம்மஞ்சள்,
பிறகு ஒருவகை ரோசாப்பூ மங்கல்.
கடைசியில் கலியாண அழைப்பிதழ்போல் ஆகிவிட்டன
ஆசிரியர் வெற்றிடங்கள்.

தமிழ்ப் பெயர்கள் நீளம்.
அரசினர் தமிழ்க் கலவன் பாட...
அரசினர் தமிழ்க் கலவன் பாட...
பத்தொன்பது பாடசாலைகள்
ஒரே மூன்று புள்ளிக்குள் போய்விட்டன.
திணைக்களத்துப் பழைய கணினியிலோ
கொம்பு ஒருபுறம் கழன்று நிற்க
எழுத்து இருந்த இடத்தில் புள்ளியிட்ட வட்டம்.
அதற்கே மூன்று கிழமை.

வரைபடத்தில் ஒரு பச்சை இருந்தது.
அவ்வளவு பச்சை வேறெங்கும் இல்லை.
சாதாரணதரம், தேர்ச்சி நூறு வீதம்.
ஒத்திகையன்று வீரக்கொடி அதில்தான் விரல் வைத்தார்:
பார்த்தீர்களா! இதைப் பெரிதாக்குங்கள்.
பெரிதாக்கினேன்.
தோற்றியவர் 1. சித்தியடைந்தவர் 1.
அறையில் குளிரூட்டி மட்டும் பேசிக்கொண்டிருந்தது.

அந்த ஒருவர் யாரென்று தரவில் இல்லை,
பெயர்களை நாங்களே நீக்கியிருந்தோம்.
பெண் என்று தெரியும். கணிதத்தில் சி.
இருபத்திரண்டு பேர் ஒன்பதாம் தரத்து நிரலில் இருந்தார்கள்,
பத்தில் பதினொருவர்,
பிறகு அவள்.

வீதத்துக்குக் கீழே சின்னதாய் எழுதினேன்:
ஒன்றில் ஒன்று.
எடுத்துவிடுங்கள், அழுக்காய்த் தெரிகிறது என்றார்கள்.
சுட்டியை மேலே கொண்டுபோனால் மட்டும் தோன்றட்டும் என்று
ஒளித்து வைத்தோம்.
சமரசம் என்றாள் ஷஃப்ரா.
இரவு பத்தரைக்கு அதற்கு வேறு பெயர் தேட
எனக்கும் தெம்பில்லை.

வெற்றுக் கட்டம் இன்னொரு சண்டை.
அறிக்கை அனுப்பாத பாடசாலைகளுக்கு
மென்பொருள் பூச்சியம் போட்டுக்கொண்டிருந்தது.
பூச்சியமும் ஒரு பதில் ஐயா,
இவர்கள் இன்னும் பதில் சொல்லவேயில்லை என்றேன்.
என் சிங்களத்தில் அது இன்னும் முரடாய் விழுந்தது.

திரும்பும் வழியில், இராஜகிரிய மேம்பாலத்தில்
முச்சக்கரவண்டி முக்கி ஏறுகையில் பார்த்தேன்:
வேகமுள் பூச்சியத்தில் கிடந்தது.
செத்து நாலு வருஷம், என்றார் சாரதி.
சத்தத்திலேயே தெரியும் மிஸ்.
அடுத்த நாள் வெற்றுக் கட்டங்களுக்கெல்லாம்
சாய்கோடு போட்டேன், யாரையும் கேளாமல்.

ஒப்படைத்து ஒரு மாதம் கழித்துப் போனால்
திரையை யாரும் திறப்பதில்லை.
திங்கள்தோறும் பியதிலக அச்செடுத்து
கோப்பில் கோத்து
மேசைக்கு மேசை வைக்கிறார்.
கறுப்பு வெள்ளை அச்சுப்பொறி.
ஏழு மாதச் சண்டை, பச்சையும் சிவப்பும்
ஒரே சாம்பல்.
சுட்டிக்கடியில் ஒளித்தது தாளில் வரவே வராது.
சாய்கோடுகள் மட்டும்
கீறிவிட்டதுபோல் பளிச்சென்று.

அதில் ஒன்றைப் பேனாவால் வட்டமிட்டிருந்தார் வீரக்கொடி.
இது என்ன?
தெரியாது ஐயா. தெரியாது என்பதற்கான அடையாளம்.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
அதிபரின் இலக்கம் கேட்டார்.
அறுபத்துநான்கு குறிகாட்டிகள் வைத்தோம்,
தொலைபேசி இலக்கம் வைக்கவில்லை.
பியதிலகதான் முந்திய வருட நாட்குறிப்பில் தேடி எடுத்தார்,
பென்சிலில், பாதி அழிந்திருந்தது.

மணி போகிறது.
ஒலிபெருக்கியில் போட்டுவிட்டு
மூவரும் நின்றுகொண்டு கேட்கிறோம்.
எடுக்கவில்லை.
தேநீரில் ஆடை கட்டிவிட்டது.
மறுபடி அழுத்துகிறார்.