காற்று மட்டும் போகிற குழாய்

ஓடும்போது ஒன்றுமில்லை.
நிற்கும்போதுதான் நின்றுபோகும்.
ஊத்துக்குளி ரயில்வே கேட்டில்,
செங்கப்பள்ளி வேகத்தடையில்,
பட்டன் மூட்டை இறக்கும் கம்பெனி வாசலில்,
ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்ததும்
இரண்டு இருமல், ஒரு குலுக்கல்,
அப்புறம் பேச்சே இல்லை.
பின்னால் நிற்கும் லாரிக்காரர்
வண்டி ஓட்ட எங்கே படித்தாய் என்பதை
ஹாரனிலேயே கேட்பார்.

அதோடு வாசம்.
சீட்டுத் துணியில், துப்பட்டாவில்,
ஒருநாள் புளிக்குழம்பில் கூட.

"எனக்கொண்ணும் அடிக்கலையே" என்றார் குமரவேல்
ஏசியைக் கூட்டியபடி.
அவிநாசியில் பம்பை மாற்றினார்கள்.
பெருமாநல்லூரில் ஃபில்டர்.
இரண்டும் சேர்த்து ஆறாயிரத்து இருநூறு.
மூன்றாமவர் என் எதிரிலேயே
வீட்டுக்காரருக்குப் போன் போட்டு
"அம்மாவுக்கு அப்படித் தோணுதுங்" என்றார்.
லிட்டருக்குப் பதினாறு கொடுத்த ஜென்
ஒன்பது கொடுத்துக்கொண்டிருந்தது.
அது யாருக்குத் தோன்றியதாம்?

விஜயமங்கலம் பைபாஸ் ஓரம்
தகரக் கூரைக்குக் கீழே சிக்கந்தரின் பட்டறை.
பானெட்டைத் தூக்கினான். கொஞ்ச நேரம் சும்மா பார்த்தான்.
"வாசம் வருதுங்களா?"
வருகிறது என்றேன், சண்டைக்குத் தயாராக.
"அப்ப நீங்கதான் பாக்கோணும்.
எனக்கு மூக்கு வேலை செய்யாதுங்க்கா.
கொரோனாவுல போனது, போனதுதான்.
நான் கழட்டிக் காட்டறேன்,
அடிக்குதா இல்லையான்னு மட்டும் சொல்லுங்."

நான்கு மாதத்தில் முதன்முறையாக
என் மூக்கிடம் ஒருவர் ஒன்றைக் கேட்கிறார்.

டேங்க் மூடி. இல்லை.
பின்சீட்டைத் தூக்கினான். இல்லை.
சக்கரத்துக்கு மேலே, குனிந்து, பொடனி வலிக்க. இல்லை.
ஆயில் பார்க்கும் கம்பியை உருவித் துடைக்காமல் நீட்டினான்.
அடிக்குது.
"ஆயில்லயேங்களா?"
ஆயிலிலேதான்.
பிளக்கைக் கழற்றினான்.
கரி அப்பி, ஈரமாக இருந்தது.
அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னான்:
"பட்டினியா இருக்குதுன்னு நெனச்சு
எல்லாரும் ஊட்டியிருக்கறாங்க.
இதுக்கு அஜீரணமுங்."

ரெகுலேட்டர் தலையில்
சுண்டுவிரல் பருமன்கூட இல்லாத ரப்பர் குழாய்.
காற்று மட்டும் போகவேண்டியது.
சாவியை மட்டும் போடச் சொன்னான்.
பம்ப் முனகியது.
குழாயை உருவி என் பக்கம் திருப்பினான்.
மோந்து பார்க்க வேலையே இல்லை.
சொட்டியது. ஒன்று.
இன்னொன்று.
உள்ளே ஒரு ரூபாய் அகலத்தில் ஜவ்வு, அது கிழிந்திருக்கும் என்றான்.
அவ்வளவுதான்.

உக்கடத்திலிருந்து பழைய பார்ட் ஒன்று
ஈரோட்டு பஸ்ஸில் கண்டக்டர் கையில் வர மூன்று மணி ஆகும்.
பிளாஸ்டிக் சேரைத் துடைத்துப் போட்டான்.
தூக்குப்போசியைத் திறந்தவன் கரண்டியோடு தயங்கினான்.
"அக்கா, அப்படியே இதையும் ஒருக்கா...
போன வாரம் கெட்டுப்போனதைத் தின்னுட்டு
ரெண்டு நாள் படுத்துட்டனுங்.
பர்வீனு ஊர்ல இல்லை."

கொள்ளுப் பருப்பு.
கிட்டக் கொண்டுபோகும் முன்பே தெரிந்தது.
ஆனாலும் பிளக்கைப் பார்த்த மாதிரி,
அவசரப்படாமல், கிட்ட வைத்து மோந்தேன்.
"வேண்டாம் சிக்கந்தர்."
மறுபேச்சில்லாமல் கொட்டிவிட்டு
ரோட்டைத் தாண்டிப் பரோட்டாக் கடைக்குப் போனான்.

கூலியில் நூறு ரூபாய் குறைத்தான்.
காரணம் சொல்லவில்லை.
நானும் கேட்கவில்லை.

இருட்டும்போது ஊத்துக்குளியில் கேட் போட்டிருந்தது.
சரக்கு ரயில்; முடிகிற மாதிரித் தெரியவில்லை.
வண்டி நின்றது, இன்ஜின் நிற்கவில்லை.
இருமலுக்குக் காத்திருந்தேன். வரவில்லை.
"இன்ஜினை அணைக்கவும்" என்று எதிரே பலகை.
நான்கு மாதமாக அதைப் படித்து நடந்தது வண்டிதான்.
இன்று நானே சாவியைத் திருப்பினேன்.

கண்ணாடியை இறக்கினால்
யார் வீட்டிலோ வெண்ணெய் உருக்குகிறார்கள்.
லேசாகத் தீய்கிறது.
அடுப்பை யாரும் பார்க்கவில்லை போல.