சாம்பல் நான்கு

ஹல் நகரத்தில், கம்பளக் கடைக்கு மேல்மாடி.
சுவரெல்லாம் முட்டை அட்டை ஒட்டிய அறை.
தொண்ணூற்றேழு, பிப்ரவரி.
அன்றைக்கு என் வேலை
ஒரு மனிதரை நாற்பது முறை சாகச் சொல்லிப்
பதிவு செய்வது.

டெரிக் ஆல்த்வெய்ட்.
பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர்.
படத்தின் முதல் பாகத்தில் பதினோரு விநாடி வருகிறார்.
தலைக்கவசம், வியர்வை, கன்னத்தில் ஒரு பச்சை வெளிச்சம்.
"சாம்பல் நான்கு, தயார்" என்கிறார்.
அப்புறம் திரை வெள்ளை.
கதாநாயகன் பல்லைக் கடிக்கிறான், அரை விநாடி.
அதோடு சரி.

அந்தப் பதினோரு விநாடிக்காக
ஊர் ஊராக மண்டபங்களில் மேசை போட்டுக்
கையெழுத்திட்டிருக்கிறார்.
அவர் பொம்மைகூட விற்றது.
முகம் மட்டும் வேறு யாருடையதோ.

இப்போது படத்தை வீடியோ கேம் ஆக்குகிறார்கள்.
விளையாடுகிறவனுக்கு இடப்பக்கம் பறக்க ஒரு துணை வேண்டும்.
துணை என்றால் சாக வேண்டும்.
ஒரே மாதிரி செத்தால் சலித்துவிடும்.
லண்டனிலிருந்து ஃபேக்ஸில் வந்தது பட்டியல்:
எஞ்சின் தீப்பிடித்து, பதினாறு.
பாறையில் மோதி, பதினொன்று.
நம் ஆளே தவறிச் சுட்டு, ஏழு.
காரணம் தெரியாமல், ஆறு.

டெரிக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு தடவை படித்தார்.
"முன்னாலிருந்து சுடுகிறார்களா, பின்னாலிருந்தா?"
பட்டியலில் அது இல்லை.
"படப்பிடிப்பிலும் கேட்டேன்.
எங்கிருந்து வந்தால் உனக்கென்ன, செத்துப்போ என்றார்கள்.
இருபது வருஷமாகத் தெரியாது எனக்கு,
மார்பில் வாங்கினேனா
முதுகிலா என்று."

மைக் முன்னால் நின்றார். செத்தார்.
கத்தினார், இருமினார்,
யார் பெயரையோ பாதியில் விட்டார்.
பன்னிரண்டாவதில் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.
பத்தொன்பதாவதில், கீழே ஒரு லாரி பின்வாங்கும் சத்தம்
சன்னல் வழியே புகுந்துவிட்டது.
மறுபடி செத்தார்.
நடுவில் தேநீர், இரண்டு பிஸ்கட்.
செத்துச் செத்துப் பிழைப்பது என்பார்களே,
மணிக்குப் பதினெட்டு பவுண்டு.

நாற்பது முடிந்தது.
கோட்டை எடுத்தவர் திரும்பி வந்தார்.
"ஒரு தடவை, ஹோல்டர்னஸ் சாலையில், பனிக்கட்டி.
பிரேக் பிடிக்கவில்லை. உள்ளே நாற்பத்து மூன்று பேர்.
நிஜமாகவே செத்தேன் என்று நினைத்த நேரம் அது ஒன்றுதான்.
நான் கத்தவில்லை, தெரியுமா?
டேப் ஓடுகிறதா?"

ஓடிக்கொண்டிருந்தது.

"சரி, சரி" என்றார்,
குதிரையிடம் பேசுகிற குரலில்.
"நீ போ. நான் இருக்கிறேன்."

யாரும் கேட்காத நாற்பத்தொன்று.
மற்றவற்றைப் போலவே எண் போட்டு
லண்டனுக்கு அனுப்பினேன்.
எண்ணிப் பார்ப்பார்கள், தூக்கிவிடுவார்கள் என்றிருந்தேன்.

மூன்று வருஷம் கழித்து, லீட்ஸில், பழைய கேம்கள் விற்கும் கடை.
மழைக்கு ஒதுங்கினேன்.
சிவப்புத் தொப்பிப் பையன் ஒருவன் விளையாடிக்கொண்டிருந்தான்.
முப்பது எதிரிகள் துரத்துகிறார்கள்,
வாசல் திறந்திருக்கிறது, ஒரு அழுத்தில் தப்பிவிடலாம்.
இடப்பக்கத்துக் கப்பல் புகையத் தொடங்கியது.

சரி, சரி. நீ போ. நான் இருக்கிறேன்.

பையன் போகவில்லை.
கட்டுப்பாட்டுக் குச்சியை முழுக்க இழுத்து
கப்பலைத் திருப்பினான்,
முப்பது பேரையும் பார்த்து.

"எல்லாரும் இந்த இடத்தில் இதைத்தான் செய்கிறார்கள்"
என்றார் கடைக்காரர், சில்லறை எண்ணியபடி.
"யாரும் ஜெயித்ததில்லை."

பையனுக்கு முன்னாலிருந்துதான் வந்தது, பார்த்தேன்.
டெரிக்குக்கு எந்தப் பக்கம் என்று
பார்ப்பதற்குள்
திரை வெள்ளை.