நூற்று நாலு

பேச்சிப்பாறையில் கையெழுத்துப் போட்டு வாங்கினேன்.
மூடியில் ஊசித் துளைகள்.
நூறு வண்டுக்குத்தான் காசு.
நாலு கூடுதல்,
"வழியில சாகுறதுக்கு" என்றாள்
ஆய்வகத்துப் பெண்.

பஸ்ஸில் மடியை விட்டு இறக்கவில்லை.
என்னதாக்கும் அது என்றார் கண்டக்டர்.
வண்டு என்றேன்.
"காசு குடுத்தா?"
குலசேகரம் வரை அவர் திரும்பித் திரும்பிப் பார்த்தது
என்னையா டப்பாவையா, தெரியாது.

ரம்புட்டான் கொப்புகளில்
யாரோ இடியாப்ப மாவைத் தட்டிவிட்டுப் போனதுபோல்
மாவுப்பூச்சி.
அது கசியும் இனிப்புக்குக்
காவல் நின்றன எறும்புகள்.
முதலில் அவற்றின் வழியை அடைத்தேன்:
தூரைச் சுற்றித் துணி, துணிமேல் கிரீஸ்.

வெயில் தாழ்ந்ததும் திறந்தேன்.
கொத்தமல்லி விதையில் பாதி இருக்கும்,
தலை மட்டும் செங்கல்பொடி நிறம்.
சில பறந்தன.
சில என் முழங்கையில் ஏறி
வெகுநேரம் யோசித்தன.
மூடிக்குள் இரண்டு செத்திருந்தன.
ஆக, இன்னும் இரண்டு கூடுதல்.

ஒரு மாதம் மருந்து கூடாது.
வேலிக்கு அந்தப்புறம் ஏசுவடியான் அண்ணனிடமும்
சொல்லிவைத்தேன்.
"ஒனக்க வண்டு எனக்க பக்கம் வந்தா
நான் பொறுப்பில்ல, கேட்டியா."
சொன்னாரே தவிர
அன்று மாலை ஸ்பிரேயரைக் கழுவிக்
கிணற்றடியில் கவிழ்த்திருந்தார்.

பதினாறாம் நாள்
மாவுப்பூச்சி இரண்டு மடங்கு வளர்ந்திருந்தது.
நூல் நூலாய் வெள்ளை மெழுகு.
போதாக்குறைக்கு
இப்போது ஓடவும் செய்தது.
வண்டுகளுக்குக் கொடுத்த காசு,
பஸ் காசு, கிரீஸ் காசு,
எல்லாம் கட்டைவிரலுக்கு வந்தது.
நசுக்கினேன்.
ஒரு கொப்பு முழுக்க.

ஆத்திரம் அடங்கியபின்தான் போன்.
"ஓடுதா?" என்றாள்.
ஓடுது.
"மாவுப்பூச்சி அப்படி ஓடாதுக்கா.
அது வண்டுக்க பிள்ளையாக்கும்.
தின்னப்போறதுக்க வேஷத்துலதான் வளரும்."

பாவாடையில் துடைத்தேன், சோப்புப் போட்டேன்.
அன்றிரவு சோற்றை
ஸ்பூனால் தின்றேன்.

மற்றக் கொப்புகளில் எவ்வளவு பேர் மீந்தார்கள்
நான் எண்ணவில்லை.
மூன்று வாரத்தில் பட்டை
பட்டை நிறத்துக்கு வந்தது.
நான் நசுக்கிய கொப்பில் மட்டும்
கொஞ்சம் வெள்ளை, கடைசி வரை.

இன்று காலை
ஏசுவடியான் அண்ணன் வேலியோரம்
தன் கொய்யா இலை ஒன்றைத் திருப்பிப் பிடித்து
கண்ணை இடுக்கிக்கொண்டு நிற்கிறார்.
கட்டைவிரல் மேலே எழுகிறது.

கையில் இருந்த குடத்தைப் போட்டுவிட்டுக்
கத்துகிறேன்:
அண்ணே,
ஓடுதான்னு பாரும்!